சோறும் கிழங்கும் குறைந்தால் எடை குறையுமா? குமரி எல்லைக்காரர்கள் கேட்ட கேள்விகள்

மாவுச்சத்தைக் குறைத்துச் சாப்பிட்டு எடையைக் குறைப்பது பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகள் இவை. கேட்டவர்கள் மார்த்தாண்டம், கருங்கல், குளச்சல் பக்கத்துக்காரர்கள். எல்லையிலுள்ள களியக்காவிளையைத் தாண்டி, கேரளத்தின் பாறசாலை, நெய்யாற்றின்கரையில் இருக்கும் தமிழ்க் குடும்பங்களும் உண்டு. சோதனைச் சாவடிக்கு இரண்டு பக்கமும் அடுப்படி ஒன்றுதான்: சம்பா அரிசிச் சோறு, மரச்சீனிக் கிழங்கு (மரவள்ளி), சாளை (மத்தி மீன்), தேங்காய். ஊரில் சுற்றுகிற டயட் சார்ட்டுகளில் பனீரும் பாதாமும் இருக்கின்றன, கிழங்கையும் மீனையும் காணோம். அதனால் பதில்களை நம் அடுப்படியை வைத்தே எழுதியிருக்கிறேன். சர்க்கரைக்கோ ரத்த அழுத்தத்துக்கோ மாத்திரை சாப்பிடுபவர்கள் முதலில் மருந்து பற்றிய கேள்வியைப் படித்துவிட்டு வாருங்கள்.

எவ்வளவு குறைத்தால் 'குறைந்த மாவுச்சத்து' என்று கணக்கு?

ஒரு நாளைக்கு 130 கிராமுக்குக் கீழே போனால் அப்படிச் சொல்வது வழக்கம். 20 முதல் 50 கிராமுக்குள் நிறுத்தினால் அது கீட்டோ. இந்தக் கிராம் மாவுச்சத்தின் எடை, சோற்றின் எடை இல்லை. பலர் இங்கேதான் குழம்புகிறார்கள்.

வெந்த சோறு 100 கிராமில் ஏறக்குறைய 28 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. உடம்பால் உழைக்கிற ஆளின் தட்டில் 350 கிராம் சோறு சாதாரணமாக விழும். ஒரு வேளையிலேயே நூறை நெருங்கியாயிற்று. காலையில் சாப்பிட்ட குழல் புட்டில் நூறு கிராம் அரிசி மாவு இறங்கியிருந்தால் அது இன்னொரு 80. நாளைக்கு ஐந்து சாயா, ஒவ்வொன்றிலும் இரண்டு கரண்டி சீனி என்றால் 40க்கு மேல். ராத்திரிச் சாப்பாடு வருவதற்குள்ளேயே 200ஐத் தாண்டிவிட்டோம்.

இது நம் ஊருக்கு மட்டும் உள்ள பழக்கமும் இல்லை. ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் என்ற நாடு தழுவிய ஆய்வில், இந்தியர்கள் தின்னும் கலோரியில் சுமார் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகத் தெரிந்தது. 2,000 கலோரி சாப்பிடுபவருக்கு அது 310 கிராம். அங்கிருந்து 130க்கு இறங்குவதே பெரிய இறக்கம். எடை குறைக்க வந்தவர்களில் பெரும்பாலோருக்கு அதற்குக் கீழே போக வேண்டிய அவசியமே இல்லை என்பது என் கருத்து.

முதல் வாரமே மூன்று கிலோ குறைந்துவிட்டது. கொழுப்புதானே கரைந்தது?

இல்லை, பெரும்பகுதி தண்ணீர். கல்லீரலும் தசைகளும் மாவுச்சத்தைக் கிளைக்கோஜனாகச் சேமித்து வைக்கின்றன. மொத்தம் 400, 500 கிராம் இருக்கும். ஒவ்வொரு கிராமும் தன்னோடு மூன்று கிராம் தண்ணீரைப் பிடித்து வைத்திருக்கிறது. சோற்றை நிறுத்தினால் அந்தச் சேமிப்பு காலியாகி, தண்ணீரும் வெளியே போகும். இன்சுலின் இறங்குவதால் சிறுநீரகம் உப்பையும் கூடுதலாக வெளியேற்றும். தராசு முள் சட்டென்று இறங்குவது இதனால்தான். இதே காரணத்தால், ஒரு கல்யாணச் சாப்பாட்டுக்குப் பிறகு மறுநாள் ஒன்றரை கிலோ ஏறியும் காட்டும். இரண்டையும் நம்ப வேண்டாம். நான்கு வாரம் கழித்து இடுப்பை டேப் வைத்து அளந்து பாருங்கள்.

அப்படியானால் கொழுப்பு குறைவது எப்படி?

சாப்பிடுவது குறைவதால். இதைச் சொன்னால் சிலருக்குக் கோபம் வரும். இன்சுலின்தான் கொழுப்பைப் பூட்டி வைக்கிறது, மாவுச்சத்தை நிறுத்தினால் பூட்டு திறந்துவிடும், எவ்வளவு நெய் சாப்பிட்டாலும் இளைக்கலாம் என்று நிறையப் பேர் நம்புகிறார்கள். அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் கெவின் ஹால் என்ற ஆய்வாளரின் குழு இதைச் சோதித்துப் பார்த்தது. 20 பேரை ஆய்வு மையத்திலேயே தங்கவைத்து, இரண்டு வாரம் கொழுப்பு குறைந்த உணவும் இரண்டு வாரம் மாவுச்சத்து குறைந்த உணவும் கொடுத்து, வேண்டுமளவு சாப்பிடச் சொன்னார்கள். முடிவு 2021இல் வெளியானது. கொழுப்பு குறைந்த உணவில்தான் நாளைக்கு 689 கலோரி குறைவாகச் சாப்பிட்டிருந்தார்கள். அதே உணவில் அவர்களுடைய ரத்தச் சர்க்கரையும் இன்சுலினும் ஏறித்தான் இருந்தன. இன்சுலின் ஏறினால் பசி கூடித் தின்றுகொண்டே இருப்போம் என்ற கணக்கு அங்கே சரிவரவில்லை.

ஆனாலும் வீட்டில், நிஜ வாழ்க்கையில், மாவுச்சத்தைக் குறைத்தால் பலருக்கு எடை குறையத்தான் செய்கிறது. சோறு குறைகிற இடத்தில் மீனும் முட்டையும் வருகின்றன. புரதம் வயிற்றை நேரம் தாங்கும். சாயாவுக்குக் கூட வரும் பழம்பொரி, மிக்சர், பன், பிஸ்கட் எல்லாம் ஒரே விதியில் வெளியே போகின்றன. அந்தக் கடைசி விஷயத்துக்குத்தான் நான் அதிக மதிப்பெண் போடுவேன். நான்கு மணிச் சாயாக் கடை ஒன்றே பலருடைய எடைக்குப் பதில் சொல்லும்.

மற்ற டயட்களைவிட இது சிறந்ததா?

முதல் ஆறு மாதத்துக்கு ஓரளவு. 2003இல் அமெரிக்காவில் 63 பேரை வைத்துச் செய்த ஆய்வில், ஆறாவது மாதம் மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் முந்தியிருந்தார்கள். ஒரு வருடம் ஆனபோது அந்த வித்தியாசம் தேய்ந்துவிட்டது. 2008இல் இஸ்ரேலில் 322 பேரை இரண்டு வருடம் கவனித்தார்கள். மாவுச்சத்தைக் குறைத்தவர்களுக்குச் சராசரியாக 4.7 கிலோ, மத்தியதரைக்கடல் நாட்டுச் சாப்பாட்டு முறைக்கு 4.4, கொழுப்பைக் குறைத்தவர்களுக்கு 2.9 கிலோ இறங்கியது. 2018இல் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகம் 609 பேரை ஒரு வருடம் பின்தொடர்ந்தது. கொழுப்பைக் குறைத்தவர்கள் 5.3 கிலோவும், மாவுச்சத்தைக் குறைத்தவர்கள் 6 கிலோவும் இறங்கினார்கள். புள்ளிவிவரக் கணக்கில் அந்த வித்தியாசம் ஒன்றுமில்லை. உங்கள் மரபணுவுக்கு எந்த டயட் பொருந்தும் என்று சொல்கிறேன் என யாராவது காசு கேட்டால் இதையும் சொல்லிவிடுங்கள்: அந்த ஆய்வில் மரபணு ரகம் பார்த்துப் பிரித்தும் பயனில்லை.

இந்தச் சராசரிகளுக்குள்ளே 20 கிலோ இறங்கியவரும் உண்டு, ஏறியவரும் உண்டு. எந்த முறையில் உங்களால் ஒரு வருடம் நிற்க முடியும் என்பதுதான் கேள்வி. மீன் கிடைக்கும் ஊரில் இருப்பவருக்கு மாவுச்சத்தைக் குறைப்பது கொஞ்சம் சுலபம், அவ்வளவே.

சர்க்கரைக்கு மாத்திரை எடுக்கிறேன். இன்றைக்கே ஆரம்பிக்கலாமா?

டாக்டரைப் பார்க்காமல் ஆரம்பிக்கக் கூடாது. இந்தப் பக்கத்தில் இதைவிட முக்கியமான பதில் கிடையாது.

இன்சுலின் போடுபவர்களும், கிளிமெபிரைடு, கிளிக்கிளாசைடு, கிளிபென்கிளமைடு வகை மாத்திரை எடுப்பவர்களும் கவனிக்க வேண்டியது ஒன்று. நீங்கள் சாப்பிட்டுவந்த சோற்றின் அளவுக்குத்தான் அந்த மருந்தின் அளவு தீர்மானிக்கப்பட்டிருக்கிறது. சோற்றைப் பாதியாக்கிவிட்டு மருந்தை அப்படியே போட்டால் சர்க்கரை சட்டென்று கீழே போகும். கை நடுங்கும், வியர்க்கும், கண் இருளும், மயங்கி விழவும் கூடும். அப்படி வந்தால் டயட்டைத் தூக்கி வைத்துவிட்டு, நினைவு இருக்கும்போதே உடனே மூன்று தேக்கரண்டி சீனியைத் தண்ணீரில் கலக்கிக் குடியுங்கள். 15 நிமிடம் கழித்து மறுபடி சோதியுங்கள். நினைவு தப்பியவரின் வாயில் எதையும் ஊற்றாமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகவேண்டும்.

இரண்டாவது கூட்டம், டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் எடுப்பவர்கள். சர்க்கரையைச் சிறுநீர் வழியாக வெளியேற்றும் மாத்திரைகள் இவை. இவற்றோடு மாவுச்சத்தையும் வெட்டினால் ரத்தத்தில் கீட்டோன் அமிலம் அபாயகரமாக ஏறக்கூடும். மீட்டரில் சர்க்கரை ஏறக்குறைய சரியாகவே காட்டும் என்பதுதான் இதில் மோசம். வாந்தி, வயிற்று வலி, மூச்சு வாங்குதல் வந்தால் 'மீட்டர் 160தான் காட்டுகிறது' என்று வீட்டில் உட்காரக் கூடாது.

மெட்ஃபார்மின் மட்டும் எடுப்பவர்களுக்கு இந்த இரண்டு ஆபத்தும் குறைவு. ரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கு உப்பும் தண்ணீரும் வெளியேறுவதால் அழுத்தம் இறங்கி, எழுந்து நிற்கும்போது தலை சுற்றலாம். இந்த மாத்திரைகளின் அளவை மாற்ற வேண்டி வரும். மாற்றுவது டாக்டரின் வேலை, பக்கத்து வீட்டு அண்ணனின் வேலை இல்லை.

யார் யார் இந்தப் பக்கமே வரக் கூடாது?

கர்ப்பிணிகள், பால் கொடுக்கும் தாய்மார்கள், வளரும் பிள்ளைகள், முதல் வகைச் சர்க்கரை நோய் உள்ளவர்கள், சிறுநீரகம் பழுதானவர்கள், கணைய அழற்சி வந்தவர்கள். சாப்பாட்டைக் கண்டாலே பயப்படும் மனநிலை இருந்தவர்களும் வேண்டாம். பித்தப்பையில் கல் இருப்பவர்கள் வேகமாக எடை குறைக்கக் கூடாது. எந்த டயட்டானாலும் சரி, வேகமாக இளைத்தால் கல் தொந்தரவு கூடும்.

கிழங்கும் மீனும் இல்லாமல் எங்களால் முடியாது. சோற்றை விட்டுக் கிழங்கு சாப்பிடலாமா?

எடைக்கு எடை பார்த்தால் கிழங்கு சோற்றைவிடக் கனம். 100 கிராம் மரச்சீனியில் சுமார் 38 கிராம் மாவுச்சத்து இருக்கிறது. புரதம் ஒன்றரை கிராம்கூடத் தேறாது. 'சோறு விட்டாச்சு, ராத்திரி கிழங்கு மட்டும்தான்' என்பவர்களுக்கு எடை ஏறுவதன் ரகசியம் இதுதான்.

கிழங்கின் மேல் நமக்குள்ள பாசத்துக்கு நியாயம் உண்டு. தென்னமெரிக்காவில் பிறந்த இந்தக் கிழங்கை 1880களில் திருவிதாங்கூரை ஆண்ட விசாகம் திருநாள் ஊக்கப்படுத்திப் பரப்பினார். 1942இல் பர்மா ஜப்பானியர் கையில் விழுந்து அங்கிருந்து வந்த அரிசி நின்றபோது, திருவிதாங்கூர்க்காரர்களின் வயிற்றைக் காத்தது கிழங்குதான். கன்னியாகுமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூரின், பின்பு திருவிதாங்கூர்-கொச்சியின் பகுதி என்பதால் அந்தக் கதை நமக்கும் சொந்தக் கதை. பஞ்சத்தில் காப்பாற்றிய பொருள் கலோரி நிறைந்ததாகத்தானே இருக்கும்! காலையிலிருந்து மாலைவரை மண்வெட்டி பிடித்தவருக்கு அது பொருந்தியது. கடையில் உட்கார்ந்து பில் போடும் அவருடைய பேரனுக்கு அதே தட்டு அதிகம்.

விடவும் வேண்டாம். கிழங்கும் மீனும் என்ற சேர்க்கையில் அளவைத் திருப்பிப் போடுங்கள். இப்போது ஒரு தட்டுக் கிழங்குக்கு இரண்டு சாளை வைக்கிறோம். ஐந்தாறு சாளை, பக்கத்தில் ஏதாவது ஒரு தோரன் (தேங்காய் போட்ட பொரியல்), கைப்பிடியளவு கிழங்கு என்று மாற்றினால் அந்த வேளை 40 கிராம் மாவுச்சத்தோடு முடிந்துவிடும். வாரத்தில் ஒன்றிரண்டு தடவை இப்படிச் சாப்பிட்டால் யாருக்கும் எடை ஏறப்போவதில்லை. தேங்காயும் சீரகமும் அரைத்துப் போட்டு மயக்கிய கிழங்கு என்றால் கலோரி இன்னும் கூடும், ஞாபகம் இருக்கட்டும்.

வேகவைத்த தண்ணீரை ஊற்றிக் களையும் பழக்கத்தை மட்டும் விடாதீர்கள். கிழங்கில் சயனைடு தரும் பொருள்கள் உண்டு. நறுக்கி, நிறையத் தண்ணீரில் வேகவைத்துக் களைந்தால் பெருமளவு போய்விடும். கசக்கிற கிழங்கைத் தின்னவே கூடாது. கிழங்கு தின்றால் கணையம் கெட்டுச் சர்க்கரை வரும் என்ற பேச்சையும் கேட்டிருப்பீர்கள். 1960களில் கேரளத்தில் ஒல்லியான இளம் வயதினரிடம் கணையக் கல்லோடு கூடிய ஒருவகைச் சர்க்கரை நோயைக் கண்டபோது எழுந்த சந்தேகம் அது. கிழங்கு அதிகம் தின்னாத ஊர்களிலும் அதே நோய் இருந்ததால் அந்தக் குற்றச்சாட்டு நிற்கவில்லை.

சம்பா அரிசியும் பழங்கஞ்சியும் நல்லது என்கிறார்களே?

நல்லதுதான், ஆனால் மாவுச்சத்து வெள்ளை அரிசிக்குக் கிட்டத்தட்ட அதே அளவு. தவிடு கொஞ்சம் ஒட்டியிருப்பதாலும் புழுக்கியதாலும் சம்பா சற்று மெதுவாகச் செரிக்கும். ஆறவைத்த சோற்றில் செரிக்காத மாவு சிறிது கூடும். எடை விஷயத்தில் இந்த லாபம் ஒரு கவளத்தை விட்டுவைப்பதற்குச் சமம். பழங்கஞ்சியின் நிஜமான நன்மை வேறு இடத்தில் இருக்கிறது. தண்ணீரும் மோருமாகக் குடிக்கும்போது அதே வயிறு நிறையப் பாதிச் சோறு போதும்.

சப்பாத்தி, ஓட்ஸ், கேழ்வரகு?

மாவு மாவுதான். மூன்று சப்பாத்தி அரைத் தட்டுச் சோற்றுக்குச் சமமாக வந்துவிடும். கேழ்வரகில் நாரும் கால்சியமும் கூடுதல், அதற்காகச் சாப்பிடலாம், இளைக்கும் என்பதற்காக வேண்டாம். பொறோட்டாவும் பீஃபும் பற்றி ஒருவர் கேட்டிருந்தார். பீஃப் இருக்கட்டும், பொறோட்டாவை விடுங்கள்.

அப்போ என்னதான் சாப்பிடுவது? ஒரு நாள் சாப்பாட்டைச் சொல்லுங்கள்.

காலையில் புட்டும் பயறும் பப்படமும் என்றால் புட்டை அரைக் குழலாக்கி, பயறை இரண்டு மடங்காக்குங்கள். அரைக் குழலே வேண்டாம் என்று முடிந்தால் இரண்டு முட்டையும் பயறும். கடலைக் கறியும் சரி. பயறிலும் கடலையிலும் மாவுச்சத்து இருக்கிறது, ஆனால் நாரும் புரதமும் கூடவே இருப்பதால் நான் அவற்றை விலக்கச் சொல்வதில்லை. தானியத்தையும் பருப்பையும் விலக்கிக் கொழுப்பைக் கூட்டும் 'பேலியோ' டயட்காரர்கள் விலக்கச் சொல்வார்கள். மரக்கறி மட்டும் சாப்பிடும் வீட்டில் பயறையும் பருப்பையும் விலக்கிவிட்டால் புரதத்துக்கு எங்கே போவது? பனீர் தினமும் வாங்கக் கட்டுப்படியாகுமா?

மதியம்தான் நம் ஊருக்கு அனுகூலம். மீன் அவியல், மீன் புளிமுளகு, உள்ளித் தீயல், முருங்கைக்கீரைத் தோரன், வாழைக்கூம்புத் தோரன், வெள்ளரிக்காய்க் கிச்சடி, மோர் எல்லாம் ஏற்கெனவே மாவுச்சத்து குறைந்த சாப்பாடுதான். அவற்றுக்கு நடுவில் மலையாகக் குவிந்த சோறுதான் தகராறு. முதலில் கறியையும் தோரனையும் தட்டில் வையுங்கள், கடைசியாகச் சோறு ஒரு கரண்டி. சோறு முதலில் விழுந்தால் கறிக்கு இடம் இருக்காது, அப்புறம் ஊறுகாயும் ரசமுமாக இன்னொரு கரண்டி கேட்கும். 100 கிராம் சாளையில் சுமார் 20 கிராம் புரதம், மாவுச்சத்து பூஜ்யம், விலையும் நெய்மீனை நினைக்கும்போது ஒன்றுமில்லை. பொரிப்பதைவிடக் குழம்பு நல்லது.

ஜூன், ஜூலையில் மேற்குக் கரையில் விசைப்படகுகளுக்குத் தடைக்காலம். குளச்சலிலும் தேங்காய்ப்பட்டணத்திலும் விலை ஏறும்போது மீன் டயட் தடுமாறும். அப்போது முட்டை, கோழி, பயறு என்று மாறிக்கொள்ளுங்கள். கருவாடு வேண்டாம் என்று சொல்லமாட்டேன், ஆனால் ரத்த அழுத்தம் உள்ளவர்களுக்கு அதன் உப்பு ஆகாது.

ராத்திரி, மதியம் மிஞ்சிய மீன்கறியும் ஏதாவது காய்கறியும். பசி அடங்காவிட்டால் ஓர் ஆப்பம். சாயாவில் சீனியை ஒரு மாதத்துக்குள் படிப்படியாக நிறுத்துங்கள். மார்த்தாண்டம் தேன் நல்ல தேன்தான், அதிலும் ஐந்தில் நான்கு பங்கு சர்க்கரை.

வீட்டில் மற்றவர்களுக்குத் தனிச் சமையல் தேவைப்படாது என்பதே இந்த முறையில் எனக்குப் பிடித்தது. தனிச் சமையல் வேண்டிய எந்த டயட்டும் இரண்டாவது மாதம் அம்மாவின் முணுமுணுப்பில் முடிந்துவிடும்.

தேங்காய் எவ்வளவு வேண்டுமானாலும் சாப்பிடலாமா?

மாவுச்சத்துக் கணக்கில் தேங்காய் நல்ல பிள்ளை. 100 கிராம் துருவலில் 15 கிராம்தான், அதிலும் பாதிக்கு மேல் நார். கொழுப்புக் கணக்கில் 33 கிராம், 350 கலோரி. தேங்காய் எண்ணெய் ஒரு மேசைக்கரண்டி 120 கலோரி. தோரனிலும் அவியலிலும் விழும் தேங்காய்க்கு நான் கணக்குப் பார்ப்பதில்லை. மேலே ஊற்றும் பச்சை எண்ணெய்க்குப் பார்க்கவேண்டும். இந்த எண்ணெயில் 80 சதவீதத்துக்கு மேல் நிறைவுற்ற கொழுப்பு, கெட்ட கொலஸ்ட்ராலான எல்.டி.எல்.ஐ ஏற்றும். நம் பாட்டிமார் காலாகாலமாகச் சாப்பிடவில்லையா என்ற வாதம் எனக்கும் தெரியும். பாட்டிமார் துருவலாகச் சாப்பிட்டார்கள், டம்ளரில் குடிக்கவில்லை. ஏத்தங்காய் (நேந்திரங்காய்) சிப்ஸ் தேங்காய் எண்ணெயில் பொரித்தது என்பதால் நல்லது ஆகாது. மாவும் எண்ணெயும் சேர்ந்து வரும் பொருள் அது, கையில் எடுத்தால் பை காலியாகும்வரை நிற்காது.

காலையில் பட்டர் டீ, 100 பாதாம் சாப்பிடச் சொல்கிறார்களே?

தமிழ்நாட்டில் பேலியோ பரவியபோது இந்த இரண்டும் சேர்ந்து பரவின. 100 பாதாம் ஏறக்குறைய 120 கிராம், 700 கலோரி. அதை ஒரு வேளைச் சாப்பாட்டுக்குப் பதிலாகச் சாப்பிட்டால் கணக்கு சரி, சாப்பாட்டோடு சேர்த்துச் சாப்பிட்டால் எடை ஏறும். பட்டர் டீ கொழுப்பும் கலோரியும் தவிர வேறு ஒன்றும் தருவதில்லை. இதில் பலன் கண்டவர்கள் இருக்கிறார்கள், மறுக்கவில்லை. ஆனால் சாளை கிடைக்கும் ஊரில் பாதாமுக்கு மாதாமாதம் ஆயிரக்கணக்கில் செலவழிப்பதை என்னால் புரிந்துகொள்ள முடியவில்லை.

பழம்?

நன்றாகப் பழுத்த ஏத்தன் பழம் ஒன்றில் 40, 50 கிராம் மாவுச்சத்து இருக்கும், அதை ஒரு வேளைச் சாப்பாடாகவே கணக்கு வையுங்கள். மட்டிப்பழம் சிறிது என்பதால் ஒன்றோடு நிறுத்தினால் தொல்லை இல்லை. அது சிறிது என்பதாலேயே ஐந்து தின்பவர்களும் உண்டு. சக்கைப் பழம் (பலா) நான்கு சுளை போதும். இடிச்சக்கைத் தோரன் தாராளமாக. கொய்யா, பப்பாளி பிரச்சினை இல்லை. ஜூஸ் வேண்டவே வேண்டாம்.

அக்கானி (பதநீர்), நுங்கு, கள்?

நுங்கு பெரும்பாலும் தண்ணீர், வெயில் காலத்தில் இரண்டு சாப்பிட்டால் ஒன்றும் ஆகாது. அக்கானி இனிப்பாக இருப்பதற்குக் காரணம் சர்க்கரை, ஒரு டம்ளரில் 20 கிராமுக்கு மேல் போகும். அதுதான் கருப்பட்டியாக இறுகுகிறது என்பதிலிருந்தே தெரியுமே. அதே சாறு புளித்துக் கள்ளானால் சர்க்கரை குறைந்து சாராயச் சத்து ஏறும், கிராமுக்கு 7 கலோரி. தமிழ்நாட்டில் 1987இலிருந்து கள்ளுக்குத் தடை. குடிக்க எல்லை தாண்டிப் போகிறவர்கள் அங்கே கூடவே வரும் கிழங்கையும் மீன்கறியையும் கணக்கில் சேர்க்க மறந்துவிடுகிறார்கள். பிராந்தியில் மாவுச்சத்து இல்லை என்று ஒரு தம்பி ஆதாரத்தோடு வந்தார். இல்லைதான். சாராயம் உள்ளே இருக்கும்வரை உடம்பு கொழுப்பை எரிப்பதைத் தள்ளிப்போடும். இன்சுலின் அல்லது மாத்திரை எடுப்பவர் சோறில்லாமல் குடித்தால் சர்க்கரை தாழ்ந்து ஆபத்தாகும்.

ரப்பர் பால் வெட்டப் போகிறேன். விடியற்காலை வேலை. உடம்பு தாங்குமா?

முதல் இரண்டு வாரம் கஷ்டமாக இருக்கும். தலைவலி, சோர்வு, தசை இழுப்பு வரும். உப்பும் தண்ணீரும் வெளியேறுவதுதான் பெரும்பாலும் காரணம், ரத்த அழுத்தம் இல்லாதவர் உப்புப் போட்ட மோர் குடித்தால் சரியாகும். மரம் ஏறுபவரும், கல்லுடைப்பவரும், பால் வெட்டுபவரும் 130 கிராமுக்குக் கீழே இறங்க முயல வேண்டாம். வேலைக்கு முன்னால் கொஞ்சம் கஞ்சி, மதியம் அளவான சோறு, ராத்திரியில் மட்டும் மாவைக் குறைப்பது என்று வைத்துக்கொண்டால் போதும். வயிறு கட்டிக்கொண்டால் கீரையும் வாழைத்தண்டும் கூடட்டும், தண்ணீரும் கூடட்டும்.

எடை குறையாவிட்டாலும் சர்க்கரை குறையுமா?

குறையும். சாப்பிட்ட பிறகு ஏறும் சர்க்கரை, தட்டில் விழுந்த மாவுச்சத்தைப் பொறுத்தது. ஐ.சி.எம்.ஆர்.-இந்தியாப் 2023இல் வெளியிட்ட கணக்கில் நாட்டில் 10 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய். கேரளத்தில் பெரியவர்களில் 25.5 சதவீதம், தமிழ்நாட்டில் 14.4. அதே குழு 18,090 பேரின் உணவுப் பழக்கத்தை வைத்து 2022இல் ஒரு கணக்குப் போட்டது. புதிதாகச் சர்க்கரை கண்டவர்கள் அதிலிருந்து மீள, மாவுச்சத்தை 49 முதல் 54 சதவீதத்துக்குக் கொண்டுவந்து புரதத்தை 20 சதவீதத்துக்குப் பக்கத்தில் ஏற்றினால் போதும் என்பது அதன் முடிவு. மாதிரிக் கணக்குதான், ஆளை வைத்துச் செய்த சோதனை இல்லை. ஆனாலும் இருபது கிராம் கீட்டோவுக்குப் போகாமலே பலன் உண்டு என்பதற்கு இது நல்ல அறிகுறி.

ஓணம், கிறிஸ்மஸ், கல்யாணம் வந்தால்?

சாப்பிடுங்கள். அடைப்பிரதமனில் பழமும் பப்படமும் பிசைந்து சாப்பிடுவது வருடத்தில் எத்தனை நாள்? மறுநாள் காலை தராசில் ஏறாமல், வழக்கமான சாப்பாட்டுக்குத் திரும்பினால் போதும். கல்யாணம் வாரம் மூன்று வரும் மாசங்களில் மட்டும், எதில் சோறு, எதில் பாயசம் என்று முன்கூட்டியே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நான்கு மாதம் நன்றாகக் குறைந்தது, இப்போது நின்றுவிட்டது.

இளைத்த உடம்புக்குச் செலவும் குறைவு, அதனால் நிற்கத்தான் செய்யும். பெரும்பாலும் கூடவே இன்னொன்றும் நடந்திருக்கும்: தேங்காய், நிலக்கடலை, பொரித்த மீன் ஆகியவற்றின் அளவு மெல்ல ஏறியிருக்கும். ஒரு வாரம் சாப்பிட்டதையெல்லாம் எழுதிப் பாருங்கள். இடுப்பளவு ஆணுக்கு 90 சென்டிமீட்டருக்கும் பெண்ணுக்கு 80க்கும் கீழே வந்திருந்தால் தராசோடு சண்டை போடாதீர்கள். பழையபடி சாப்பிட ஆரம்பித்தால் எடை திரும்பும், அதில் மர்மம் ஒன்றும் இல்லை.

என்னென்ன ரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும்?

ஆரம்பிக்கும் முன்னால் வெறும் வயிற்றுச் சர்க்கரை, எச்.பி.ஏ.1.சி. (மூன்று மாதச் சராசரிச் சர்க்கரை), கொலஸ்ட்ரால் விவரம், கிரியாட்டினின், யூரிக் அமிலம். மூன்று மாதம் கழித்து மறுபடியும். டிரைகிளிசரைடு பெரும்பாலும் இறங்கும். எல்.டி.எல். சிலருக்கு நன்றாக ஏறும். அப்படி ஏறினால் 'இது நல்ல வகை எல்.டி.எல்.' என்று யாராவது தேற்றுவார்கள். அதைக் கேட்காமல் வெண்ணெய், நெய், தேங்காய் எண்ணெயைக் குறைத்து, மீனையும் பயறையும் கூட்டி, ஆறு வாரத்தில் இன்னொரு முறை பாருங்கள். அப்போதும் இறங்கவில்லை என்றால் டாக்டரிடம் காட்ட வேண்டியதுதான். கீட்டோன் பார்க்கும் சிறுநீர் ஸ்டிரிப்புகளை எடை குறைப்புக்காக வாங்க வேண்டாம், அந்தக் காசுக்குச் சந்தையில் மீன் வாங்கலாம்.